கல்லாவில் மூன்று ஆதார் கார்டு

1

வலது மணிக்கட்டில் கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கு என்றார்கள். பந்தை அமுக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பிழை இருக்கும்.

என் பெயர் மாதையன். பரோட்டா மாஸ்டர். அயர்லாந்தில், டப்ளினிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற ஊரில், மலையாளி ஒருவர் நடத்தும் ஓட்டலில் வேலை. ஏழு வருடம் ஆகிவிட்டது. மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் இருக்கிறாள். ஒரே மகள் பிரியா. பதினாலு வயது. இதற்கு முன் மலேசியாவில் நாலு வருடம், குவைத்தில் ஐந்து வருடம். எல்லாவற்றுக்கும் முதலில் தொப்பூர் கணவாயில், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலில் கல் முன்னால் நின்றேன். சொந்த ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம்.

ஊருக்குப் போனால் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "மூணு நாடு பாத்துட்டீங்க. எந்த நாட்டுக்காரன் நம்மள மனுசனா மதிக்கறான்?"

சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை போய்வந்த பிறகு சிரிப்பும் வரவில்லை.

2

ஜூன் மாதம். மாலை ஐந்து மணி. நல்ல வெயில். வேலைக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மூன்று பையன்கள் சைக்கிளில் வந்தார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். ஒருவன் முட்டையை எறிந்தான். தோளில் பட்டு வழிந்தது. துடைத்துக்கொண்டேன். அந்த ஊரில் என்மேல் பட்ட மூன்றாவது முட்டை அது. பழகியிருந்தது.

அன்றைக்கு ஒருவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்தான். உன் ஊருக்குப் போ என்று சொல்லி நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். விழும்போது கையை ஊன்றினேன். எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது.

ஸ்டாப்பில் நாலு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் போனைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் பஸ் வந்ததும் ஏறிப் போனார். அறுபது வயதுள்ள ஓர் அம்மா மட்டும் தன் மேல்கோட்டைக் கழற்றி என் தலைக்கடியில் வைத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நடைபாதையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தூக்கி ஏற்றும்போது, "பாவம் நீ. ஆனால் நீங்களும் இத்தனை பேர் வந்திருக்கக் கூடாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். மரியாதையாகப் பேசினார். அடி பலமா என்றார். "நோ ப்ராப்ளம்" என்றேன். எனக்கு இங்கிலீஷில் முதலில் வாயில் வருவது அதுதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார். அதற்கும் "நோ ப்ராப்ளம்". எழுதிக்கொண்டு போய்விட்டார். பிரியா வந்து கேட்டுவிட்டு அழுதாள்.

"கை ஒடைஞ்சிருக்கு. அதை ஏம்ப்பா நோ ப்ராப்ளம்னு சொன்ன? ஐ மீன், ஒய்?"

"போலீஸ் கேஸ்னு ஆச்சுன்னா நம்ம சிட்டிசன் மனு என்ன ஆவுறது?"

"அடிச்சவன் மேலதான் கேஸ். நம்ம மேல இல்ல."

"அது உனக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியணுமில்ல."

அவள் அதற்குமேல் தமிழில் பேசவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். அவள் பள்ளித் தோழி ஒருத்தி அன்றைக்குச் சொன்னாளாம்: "அவங்க உங்களைச் சொல்லல பிரியா. மத்தவங்களைத்தான் சொல்றாங்க." மத்தவங்க யார் என்று பிரியா கேட்டாளாம்.

பையன்களில் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் ஓட்டலில் பரோட்டாவும் கோழியும் வாங்குகிறவர். இப்போதும் வாங்குகிறார். நேரில் வருவதில்லை, போனில் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கிறார். கேஸ் ஒன்றும் ஆகவில்லை. நான் புகாரில் கையெழுத்துப் போடவில்லை.

எட்டு வாரம் வேலை செய்ய முடியாது என்றார்கள். ஓட்டல்காரர், ஊருக்குப் போய் வா மாதையா என்றார். செல்விக்கு லீவு இல்லை, பிரியா வர மாட்டேன் என்றாள். தனியாகக் கிளம்பினேன்.

3

நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் என்னை இளக்காரமாகப் பேசியவர்கள் பாதிக்குமேல் தமிழர்கள். பாட்டன் காலத்தில் போனவர்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவர்களை அந்த நாட்டில் வேறு யாரோ பக்கத்தில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே நிறுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் போய்ச் சேர்ந்தேன். அதிலும் சிலர் முதலில் ஊரைக் கேட்பார்கள், அப்புறம் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னதும் சிலருக்கு என்மேல் மரியாதை வந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது.

குவைத்தில் யாரும் என்னைத் திட்டியதே இல்லை. அங்கே நான் யார் கண்ணிலும் படவில்லை. வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள். தள்ள மாட்டார்கள். அங்கே ஆளே இல்லை என்பதுபோல வந்து நிற்பார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. எங்கள் அப்பா செத்த சேதி வந்தபோது முதலாளி வெளிநாடு போயிருந்தார். பெட்டிச் சாவியும் அவரோடு போயிருந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். காரியம் முடிந்து மறுபடி அங்கேயே போனேன். போகாமல் என்ன செய்வது.

அயர்லாந்தில் எல்லாவற்றுக்கும் ஸாரி சொல்வார்கள். நாம் அவர்கள் காலை மிதித்தாலும் அவர்கள்தான் ஸாரி சொல்வார்கள். வீடு வாடகைக்கு என்று போன் செய்தால், என் குரலைக் கேட்டதும், ஸாரி, போய்விட்டது என்பார்கள். அடுத்த வாரமும் அதே வீடு விளம்பரத்தில் இருக்கும். அங்கே தங்குவதற்கான விசா கார்டைப் புதுப்பிக்க வருடா வருடம் அலைய வேண்டும். கம்ப்யூட்டரில் நேரம் வாங்கித் தருவது பிரியாதான். பத்து வயதிலிருந்தே எங்கள் வீட்டுக் குமாஸ்தா அவள்.

அந்த ஊர்க் கடையில் ஒருத்தி மற்றவர்களுக்குச் சில்லறையைக் கையில் கொடுப்பாள். நான் கையை நீட்டினால் மேசையில் வைப்பாள். வேறு யாருக்காவது இது புரிய நாள் ஆகியிருக்கும். எனக்கு முதல் நாளே புரிந்தது. தொப்பூர் ஓட்டலில் காலனி ஆட்கள் வந்து காசு கொடுத்தால், மீதியை நான் அப்படித்தான் வைப்பேன். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் மேசையிலிருந்து பொறுக்கிக்கொள்வார்கள். யாரும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை. எங்க வூட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

4

என் தம்பி சின்னசாமிக்குத் தொப்பூரில் ரோட்டோரம் சொந்த ஓட்டல் இருக்கிறது. நான் குவைத்தை முடித்துக்கொண்டு வந்த வருடம் தொடங்கியது. முதல் இரண்டு வருடம் கல்லில் நான்தான் நின்றேன். உள்ளூர் ஆட்கள் ஓட்டல் வேலைக்கு வருவது நின்றுபோன சமயம். ஒடிசாவிலிருந்து ஆள் கொண்டுவந்தோம். முதலில் வந்த இரண்டு பேர் தீபாவளி வாரத்தில் சொல்லாமல் போய்விட்டார்கள். கடை நிறையக் கூட்டம், தட்டெடுக்க ஆள் இல்லை. சின்னசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

அப்போது அவனுக்கு யோசனை சொன்னது நான். "அடுத்து வர்றவன்கிட்ட ஆதார் கார்ட வாங்கி வச்சிக்கோ. குவைத்துல அப்பிடித்தான். கார்டு நம்மகிட்ட இருந்தா ஓட மாட்டான்."

அப்பா முகத்தைப் பார்க்காமல் வந்தவன் சொன்ன யோசனை இது. சொல்லும்போது அப்பா நினைப்பே எனக்கு வரவில்லை. தொழிலில் கற்ற ஒன்றைத் தம்பிக்குச் சொல்கிறோம் என்றுதான் இருந்தது. சின்னசாமி அதைப் பக்கத்து ஓட்டல்காரர்களுக்கும் சொன்னான். இப்போது அந்த ரோட்டில் பல கடைகளில் அப்படித்தான்.

ஜூலையில் போய் இறங்கினேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கடையே கொதித்தது.

"மூணு பொடிப்பசங்க தள்ளி உட்டானுங்களா? நீ சும்மாவா வந்த?" என்றான் சின்னசாமி.

"என்ன பண்ணச் சொல்ற?"

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பழனி, "நானா இருந்தா அந்த சைக்கிளத் தூக்கி அவன் மண்டையிலயே போட்டிருப்பேங்ணா" என்றான்.

"பழனி, நீ மேட்டூர் தாண்டியிருக்கியாடா?" என்றேன்.

"அது வேற விசயங்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். "பொழைக்கப் போன எடத்துல ஒருத்தன அடிக்கறான்னா அவனெல்லாம் என்ன மனுசன்" என்றான் சின்னசாமி. சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பினான். "டேய் பையா, நாலாம் டேபிள் யாருடா தொடைக்கறது? உங்க ஊர்ல துணியே கெடையாதா?"

ஒரு கையால் பரோட்டா போட முடியாது. கல்லாவில் உட்கார் என்றான் தம்பி. உட்கார்ந்தேன். கல்லா மேசைக்குக் கீழ் டிராயரில், ரப்பர் பேண்டு போட்டு, மூன்று ஆதார் கார்டு இருந்தது.

5

ராஜு, தீபக், ஜோகி. மூவரும் ஒடிசா. ஜோகியின் முழுப் பெயர் ஜோகேந்திரா. முப்பது வயது இருக்கும். வந்து இரண்டு வருடம். ஓட்டல் தமிழ் நன்றாகப் பேசுவான். நான் ஊரில் இல்லாத குறையை இப்போது கல்லில் அவன்தான் தீர்க்கிறான். மாவை வீசும்போது பார்த்தேன். என்னைவிட மெல்லிசாக வீசினான். சொல்லவில்லை.

நான் வந்த நாலாம் நாள், மதியக் கூட்டம் ஓய்ந்தபிறகு கல்லாப் பக்கம் வந்து நின்றான்.

"அண்ணா, எனக்குக் கார்டு வேணும்."

"எதுக்கு?"

"பொண்டாட்டிக்கு மொதல் கொழந்த. பத்து நாளுல ஆபரேசன்னு சொல்லிட்டாங்க. ரிசர்வேசன்ல போவணும்னா கார்டு வேணும். முதலாளிகிட்ட கேட்டேன். ஆடிப் பதினெட்டு முடியட்டும்ங்கறாரு. அதுக்குள்ள கொழந்த வந்துரும் அண்ணா."

ஆடிப் பதினெட்டுக்குத் தர்மபுரிப் பக்கத்து ஜனம் ஒரு பாதி ஒகேனக்கல் போகும், ஒரு பாதி தொப்பூர் வழியாக மேட்டூர் போகும். எங்கள் கடைக்கு வருடத்தில் பெரிய நாள் அது. ஜோகி இல்லாமல் கல் ஓடாது. அது எனக்கும் தெரியும்.

"நீங்க சொன்னா கேப்பாரு. அண்ணன் சொன்னா கேக்காம இருக்க மாட்டாரு" என்றான்.

"சொல்றேன் போ."

அன்று சாயங்காலம் சொன்னேன். சின்னசாமி எண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"பிரசவம் பாக்கறது டாக்டரு. இவன் போயி என்ன பண்ணப் போறான்?"

"மொதப் பிரசவம்டா. ஆபரேசன் வேற."

"ஆடிப் பதினெட்டு முடிஞ்ச மறுநாள் நானே பஸ் ஏத்தி உடறேன். இப்பக் கார்டக் குடுத்தா அவன் பின்னாடியே மத்த ரெண்டு பேரும் போவானுங்க. கார்ட வாங்கி வைன்னு சொன்னதே நீதானேண்ணா. இப்ப குடுன்னும் நீயே சொல்ற."

நான் திரும்பிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஜோகி என்னைப் பார்த்தான். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அதற்கு மறுநாளும் பார்த்தான். அதே பதில். அப்புறம் அவன் கேட்கவில்லை. கார்டு என் முழங்காலுக்கு நேராக இருந்தது. பூட்டுகூட இல்லாத டிராயர். இழுத்து எடுத்துக் கொடுத்திருந்தால் தம்பி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டான். அவ்வளவுதான் நடந்திருக்கும். எனக்கோ அது தம்பி கடை, நான் விருந்தாளி, ஆறு வாரத்தில் போகப் போகிறவன், நமக்கு எதற்கு என்று இருந்தது. பஸ் ஸ்டாப்பில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு இப்போது தெரியும்.

6

கார்டு கேட்டதிலிருந்து ஐந்தாம் நாள், மதியம் மூன்று மணிக்கு ஜோகி பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டான். கார்டு இல்லாமலே. முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறிவிடலாம் என்று நினைத்திருப்பான். கடை எதிரில் பஸ் ஏறினால் தம்பி பார்த்துவிடுவான். அதனால் காட்டு வழியாக நடந்து அடுத்த நிறுத்தத்தில் சேலம் பஸ் பிடிக்கலாம் என்று போயிருக்கிறான்.

நாலரை மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. எடுத்தது சின்னசாமி. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஜோகியக் கட்டி வச்சிருக்காங்களாம். புள்ள புடிக்க வந்தவன்னு. நம்ம கடை ஆளுன்னு அவன் சொல்றானாம், கார்டு கேட்டா இல்லங்கறானாம். நீ போய்ட்டு வாண்ணா. நான் எழுந்தா கடை கெட்டுச்சு. கார்ட எடுத்துட்டுப் போ."

டிராயரை இழுத்து ரப்பர் பேண்டைக் கழற்றி அவன் கார்டை எடுத்தேன். பழனியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். மூன்று கிலோமீட்டர். சின்ன ஊர். ஊர் நடுவில் லைட் கம்பம். அதில் ஜோகியை மாட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. ஒரு காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வந்து காய்ந்திருந்தது. சட்டையில் பொத்தான் ஒன்றுகூட இல்லை. பை திறந்து கிடந்தது. துணிகளுக்கு நடுவே குழந்தைக்கு வாங்கிய மஞ்சள் குல்லா மண்ணில் கிடந்தது.

சுற்றி முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கட்டியவர்கள் ஐந்தாறு பேர்தான். மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் போனில் படம் பிடித்தார்கள். யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அந்த ஊர் வார்டு மெம்பர். பழனியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அட, பழனி! நம்ம சின்னசாமி அண்ணன் கடை ஆளா இவன்? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"அவன்தான் சொன்னானாமில்ல?" என்றான் பழனி.

"சொன்னான். மாட்டிக்கிட்டவன் எல்லாந்தான் சொல்லுவான். கார்டக் காட்டுடான்னா திருதிருன்னு முழிக்கறான். கார்டு இல்லாதவன எப்பிடிங்க நம்பறது? போன்ல வேற மெசேஜ் வந்திருக்குது, வடக்கத்திக் கும்பல் எறங்கியிருக்குதுன்னு."

ஒரு பெண் சொன்னாள்: "எங்க வூட்டாண்ட வந்து தண்ணி கேட்டான். எம் பேத்தியப் பாத்து சிரிச்சான்."

"அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்மா. அதான் ஊருக்குப் போறான்" என்றேன்.

"அது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மெம்பர் என் கையைப் பார்த்தார். "கையில என்னங்க அடி?"

நான் சொல்வதற்குள் பழனி சொன்னான். "அண்ணன் அயர்லாந்துல இருக்காருங்க. அங்க வெள்ளைக்காரப் பசங்க சேந்து அடிச்சுட்டானுங்க."

"அடப் பாவிங்களா! எதுக்குங்க?"

"எதுக்கும் இல்லைங்க. நம்மாளுன்னுதான்."

"நம்மூர்ல இப்பிடி நடக்குமாங்க? அவனுங்களுக்கு ஈவு எரக்கமே கெடையாது. டேய், அண்ணனுக்கு ஒரு சேர் கொண்டாங்கடா. கை வலியோட நிக்கறாரு."

சேர் வந்தது. யாரோ ஒரு கலர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்கள். வண்டியில் குலுங்கி வந்ததில் மணிக்கட்டு வலி உயிர் போனது. உட்கார்ந்தேன். இரண்டு மடக்குக் குடித்தேன். ஜோகி கம்பத்திலேயே இருந்தான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டிலைக் கீழே வைத்தேன். "அவுத்து உடுங்க" என்றேன்.

"இதோங்க. ஏய், அவுத்து உடுடா."

முடிச்சு இறுகியிருந்தது. என்னால் ஒரு கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழனி அரிவாள் கேட்டான். கயிற்றை அறுக்கக் கயிற்றுக்காரர் சம்மதிக்கவில்லை. புதுக் கயிறாம். மெதுவாகத்தான் அவிழ்த்தார்கள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "கார்டு எங்ககிட்டதாங்க இருந்துச்சு. நாங்கதான் வாங்கி வச்சிருந்தோம். இவன் மேல தப்பு இல்ல" என்றேன்.

மெம்பர் தலையை ஆட்டினார். "அது நல்லதுதானுங்க. கையில குடுத்தா இப்பிடித்தான் ஓடிப் போவானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே சொன்னார்.

7

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஜோகி வேண்டாம் என்றான். போலீஸுக்குச் சொல்லலாமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றான். பஸ் என்றான்.

மெயின் ரோடுவரை மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்தோம். நிறுத்தத்துக் குழாயில் முகத்தைக் கழுவினான். பையிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டான். குல்லாவைக் கழுவிப் பிழிந்து பைக்கு மேலே வைத்தான். நான் கார்டை நீட்டினேன். வாங்கி முன்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பார்த்தான். பேண்ட்டுக்குள் தைத்திருந்த உள்பையில் வைத்தான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அயர்லாந்தில் என்றால் ஸாரி என்று ஒரு சொல் இருக்கிறது, சட்டென்று வந்துவிடும். நம் பக்கத்தில் முதலாளி வீட்டு ஆள் வேலைக்காரனிடம் சொல்ல ஒரு சொல் பழக்கத்தில் இல்லை.

அவன்தான் பேசினான்.

"அண்ணா, அந்த ஊர்ல உங்க கார்டு யாரு வச்சிருக்காங்க?"

"நான்தான்."

"முதலாளி கேக்க மாட்டாரா?"

"கேக்க மாட்டாரு. கேக்கக் கூடாது. அங்க சட்டம் அப்பிடி."

"நல்ல ஊரு" என்றான்.

சேலம் பஸ் வந்தது. ஏறினான். கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாயா என்றது வெளியில் கேட்டது. இல்லை சார் என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

அவன் போய்ச் சேர்ந்தானா, ஆபரேஷன் நல்லபடியாக நடந்ததா, என்ன குழந்தை என்று எனக்குத் தெரியாது. அவனிடம் இருந்தது பொத்தான் போன். அந்தக் கம்பத்தடியிலேயே அது காணாமல் போயிருந்தது. ராஜுவிடம் ஜோகியின் ஊரில் பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று இருந்தது. அதில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே திரும்பி வந்தபிறகும் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன்.

பிரியாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முழுசும் கேட்டாள். "அப்பா, கார்டு அவனோடது இல்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். "தென் ஒய்?" என்றாள். நான் தம்பி கடை, ஆடிக் கூட்டம் என்று ஆரம்பித்தேன். அவள் ஹோம்வொர்க் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அன்று பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். டிராயரிலிருந்து மீதி இரண்டு கார்டையும் எடுத்தேன். ராஜுவையும் தீபக்கையும் கூப்பிட்டேன். சின்னசாமி பார்த்தான், தடுக்கவில்லை. நடந்தது அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

"இந்தாங்க. உங்க கார்டு. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று நீட்டினேன்.

ராஜுவின் முகம் செத்துப்போனது. "அண்ணா, ஜோகி போனது எங்களுக்குச் சத்தியமாத் தெரியாது."

"அதுக்கில்லப்பா. புடி."

"நாங்க ஓட மாட்டோம் அண்ணா. எங்களுக்கு வேல வேணும்."

"வேல இருக்கு. யாரு போவச் சொன்னா? கார்டு உங்களுது, வச்சிக்கங்கன்னு சொல்றேன்."

இருவரும் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்கள். தம்பி ரோட்டைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குவைத்தில் முதலாளி தானாக பாஸ்போர்ட்டை எடுத்து ஒருவன் கையில் கொடுத்தால், நாளைக்கு அவனுக்கு விமானம் என்று அர்த்தம். அந்தப் பெட்டி திறந்தால் நாங்களும் இப்படித்தான் பயந்து நிற்போம்.

தீபக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்களே வச்சிக்கங்க அண்ணா. பத்திரமா இருக்கும்" என்றான். சிரிக்கவும் முயற்சி செய்தான்.

நான் நீட்டியபடியே நின்றேன். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள். இரண்டு பேரும் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல ஓடினார்கள்.

"பாத்தியாண்ணா" என்றான் சின்னசாமி. எழுந்து வந்து கையை நீட்டினான்.

கொடுத்துவிட்டேன்.